எல்லை தாண்டும் கதிரியக்கம்: முதல் தகவல் ஏன் தாமதமாகிறது?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். அணுவிபத்து என்று பேச்செடுத்தாலே நம் விவாதம் அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்ற பக்கம் திரும்பிவிடுகிறது. அதற்கென்று இங்கே தனி இழைகள் உள்ளன. நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு நாட்டில் விபத்து நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாடு மற்ற நாடுகளுக்கு எப்போது சொல்ல வேண்டும், யார் வழியாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன நடக்கும்?

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபில் நான்காம் உலை வெடித்தது. அருகிலிருந்த ப்ரிப்யாத் நகரத்து மக்கள், ஏறத்தாழ 49 ஆயிரம் பேர், மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள். வெளியுலகுக்குத் தெரிந்தது 28ஆம் தேதி காலையில். அதுவும் சோவியத் அரசு சொல்லித் தெரியவில்லை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியர் கதிர்வீச்சுச் சோதனை வாயிலைக் கடந்தபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. அவருடைய காலணியில் கதிரியக்கத் துகள் ஒட்டியிருந்தது. தங்கள் உலையில்தான் கசிவு என்று எண்ணி முதலில் தங்கள் ஆட்களைத்தான் வெளியேற்றினார்கள். பிறகு காற்று வந்த திசையைக் கணக்கிட்டு, துகள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தது என்று கண்டார்கள். அன்றிரவு மாஸ்கோ தொலைக்காட்சியில் சில வரிச் செய்தி வந்தது.

இந்த அவமானத்திலிருந்து பிறந்தவைதான் இரண்டு பன்னாட்டு ஒப்பந்தங்கள். 1986 செப்டம்பர் 26 அன்று வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமையின் சிறப்பு மாநாட்டில் இரண்டும் ஏற்கப்பட்டன. ஒன்று விபத்தை விரைந்து அறிவிப்பதற்கு. மற்றொன்று விபத்து நேர்ந்த நாட்டுக்கு உதவுவதற்கு. முதலாவது அக்டோபர் 27 அன்றே நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுச் சட்ட உலகில் இவ்வளவு வேகத்தை அரிதாகத்தான் காண முடியும்.

ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் எனக்கு நிறைவு தரவில்லை. கதிரியக்கம் எல்லை தாண்டியிருக்க வேண்டும் அல்லது தாண்டும் வாய்ப்பு இருக்க வேண்டும். அது வேறொரு நாட்டின் பாதுகாப்புக்குப் பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்கக்கூடும். அப்போதுதான் அறிவிக்கும் கடமை எழுகிறது. அது பொருட்படுத்தத்தக்கதா என்று முதலில் முடிவு செய்வது விபத்து நடந்த அதே நாடுதான். சொல்லாமல் விட்டால் தண்டனை என்ற பிரிவும் அதில் இல்லை. 2017 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளில் காற்றில் ருதேனியம்-106 என்ற கதிரியக்கப் பொருள் அளக்கப்பட்டது. வோல்கா ஆற்றுக்கும் யூரல் மலைக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று பிரெஞ்சுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனம் கணித்தது. ரஷ்ய அணுசக்தி நிறுவனம் தன் ஆலைகளில் விபத்து ஏதுமில்லை என்றது. ஐரோப்பாவில் உடல்நலத்துக்குக் கேடு தரும் அளவு இல்லை என்பது உண்மைதான். ஆயினும் மூலம் எது என்பதை எந்த நாடும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை இதுதான் என்றால், அறிவிக்கும் கடமையைக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் ஒரு பன்னாட்டு அமைப்பிடம் கொடுத்தாக வேண்டாமா?

நெய்தல் வழக்குரைஞர் எழுதியது:

நல்ல இழை, ஐயா. ஒப்பந்தத்தை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். இருந்தாலும் அதன் முழு வலுவையும் எடைபோட இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அதன் பரப்பு. எங்கே இருந்தாலும் எந்த அணு உலையும் அதில் அடங்கும். எரிபொருள் ஆலை, கழிவு நிலையம், போக்குவரத்து, மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் வயலிலும் பயன்படும் ஐசோடோப்புகள், விண்கலங்களுக்கு மின்சாரம் தரும் ஐசோடோப்புகள் எல்லாமே அடங்கும். விண்வெளியைச் சேர்த்ததில் பொருள் உண்டு. 1978 ஜனவரி 24 அன்று சோவியத்தின் கோஸ்மோஸ் 954 என்ற செயற்கைக்கோள் தன் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. பனிப்பரப்பில் துண்டுகளைத் தேடிப் பொறுக்கியதற்காகக் கனடா 60 லட்சம் கனடிய டாலருக்கு மேல் கேட்டது. 1981இல் 30 லட்சம் பெற்றுக்கொண்டு முடித்தது. அணு ஆயுதங்கள் மட்டும் கட்டாயத்துக்கு வெளியே விடப்பட்டன. அவற்றையும் தாமாக முன்வந்து அறிவிப்பதாக அணு ஆயுத நாடுகள் அப்போது வாக்களித்தன.

இரண்டாவது, மறைப்பது 1986இல் இருந்ததைவிட இன்று மிகவும் கடினம். ஐரோப்பாவில் மட்டும் ஆயிரக்கணக்கான அளவீட்டு நிலையங்கள் தம் எண்களை ஓயாமல் ஒரே தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகெங்கும் திட்டமிடப்பட்ட 80 கதிரியக்கத் துகள் நிலையங்களும் இருக்கின்றன. உலக வானிலை அமைப்பின் கீழுள்ள மண்டல மையங்கள் முகமை கேட்டவுடன் காற்றின் போக்கைக் கணித்துத் தருகின்றன. ருதேனியம் வெளிப்பட்டதே இப்படித்தான்.

தண்டனைப் பிரிவு இல்லை என்ற உங்கள் குறை நியாயமானதுதான். ஆனால் தண்டனைக்கு அஞ்சி நாடுகள் கையொப்பமிடாமல் விலகியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது இதைவிடக் குறைவு. ஒவ்வொரு நாடும் இரவும் பகலும் பதில் சொல்லக்கூடிய ஒரு தொடர்பு இடத்தை முகமைக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதி சாதாரணமாகத் தோன்றலாம். என் கணிப்பில் ஒப்பந்தத்தின் முதுகெலும்பே அதுதான்.

மருதம் எழுதியது:

வணக்கம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். இருவரும் அரசுகள் மறைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அரசுக்கே தெரியாமல் போகும் நாட்கள்தான் எனக்குப் பெரிய கவலை. அதற்குப் பிரேசிலின் கோயானியாவைவிடத் தெளிவான சான்று இல்லை.

அந்த நகரத்தில் ஒரு தனியார் கதிர்மருத்துவ நிலையம் வேறு இடத்துக்கு மாறியபோது, புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் பழைய இயந்திரத்தை அங்கேயே விட்டுச் சென்றது. உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது, ஏறத்தாழ 50.9 டெராபெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). பாதி இடிக்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் 1987 செப்டம்பர் 13 அளவில் இருவர் நுழைந்து, இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது காயலான் கடைக்கு விற்கப்பட்டது. கடைக்காரர் இரவில் அதிலிருந்து நீல ஒளி வருவதைக் கண்டு, விலைமதிப்புள்ள பொருள் என்றெண்ணி வீட்டுக்குள் கொண்டுவந்தார். அரிசிமணி அளவில் உடைந்த துகள்களை உறவினர்களும் நண்பர்களும் வாங்கிச் சென்றார்கள். சிலர் திருவிழா மினுக்கைப் பூசுவதுபோல உடலில் தேய்த்துக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூளைத் தொட்ட கையாலேயே சாப்பிட்டாள்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோல் புண்ணும் வந்து இவர்கள் மருத்துவர்களிடம் போனபோது ஒவ்வாமை என்றும் வெப்பமண்டல நோய் என்றும் சொல்லப்பட்டது. இதற்காக அந்த மருத்துவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. நம் ஊர் அவசரப் பிரிவில் இதே அறிகுறிகளோடு ஒருவர் வந்தால், "வீட்டில் புதிதாக ஏதேனும் இரும்புச் சாமான் வந்ததா?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

புதிரை அவிழ்த்தவர் அந்தக் காயலான் கடைக்காரரின் மனைவி. அந்தப் பொருள் வீட்டுக்கு வந்த பிறகே எல்லோருக்கும் உடம்பு கெட்டது என்று அவருக்குத் தோன்றியது. செப்டம்பர் 28 அன்று மிச்சத்தை ஒரு பையில் போட்டு, கடை ஊழியர் ஒருவரைத் தூக்கிவரச் செய்து, பேருந்தில் ஏறி நகரச் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்த மருத்துவர் சந்தேகப்பட்டு அதை முற்றத்தில் ஒரு நாற்காலியின்மேல் வைக்கச் செய்தார். மறுநாள் இயற்பியலாளர் ஒருவர் யுரேனியம் தேடும் அலுவலகத்திலிருந்து அளவுமானியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அலுவலகத்துக்கு வெகுதூரத்திலேயே முள் கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயே நின்றது. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பிப்போய் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அப்படியே காட்டியது. இதற்கிடையில் வரவழைக்கப்பட்டிருந்த தீயணைப்புப் படையினர் அந்தப் பொருளை ஆற்றில் எறிவதென்று இருந்தார்கள். அவர் வந்து தடுத்தார்.

அன்று பிற்பகலில்தான் பிரேசிலின் அணுசக்தி ஆணையத்துக்குத் தகவல் போனது. கதிரியக்க மூலம், அதாவது கதிர் உமிழும் அந்தப் பொருள், எடுக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் பதினாறு நாட்கள். இந்தப் பதினாறு நாட்களில் எந்த அரசும் எதையும் மறைக்கவில்லை. எந்தப் பன்னாட்டு ஒப்பந்தமும் தொடங்கவே இல்லை. பிறகு ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று சோதனை செய்துகொண்டார்கள். 249 பேரிடம் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தார்கள். பையைக் கொண்டுவந்த அந்தப் பெண்ணும் அந்தச் சிறுமியும் அந்த நால்வரில் அடக்கம்.

ஈச்சங்காடு எழுதியது:

இந்தத் தகவல்களுக்கு நன்றி, அம்மா. பிரேசில் போன்ற பெரிய நாட்டுக்குச் சொந்தமாக அணுசக்தி ஆணையம் இருக்கும்போது வெளிநாட்டு உதவி எதற்குத் தேவைப்பட்டது? வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

மருதம் எழுதியது:

கடுமையான கதிர்வீச்சு நோயைக் கண்ணால் கண்ட மருத்துவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தாம் என்பதுதான் காரணம். எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். செர்னோபில் தீயணைப்பு வீரர்களைக் கவனித்த மாஸ்கோ மருத்துவர்களின் அனுபவத்தைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியாது. உதவி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் பிரேசில் உதவி கேட்டது. பல நாடுகளிலிருந்து வல்லுநர்கள் போனார்கள். உடலுக்குள் போன சீசியத்தைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்ற, ஓவியர்கள் வண்ணமாகப் பயன்படுத்தும் அதே பிரஷ்யன் நீலம் மருந்தாக 46 பேருக்குக் கொடுக்கப்பட்டது. அது உண்மையாகவே வேலை செய்தது. இத்தனை பேருக்கு, இவ்வளவு பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த அனுபவம் அதற்கு முன் இருந்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1987இல் கதிர்வீச்சு மருத்துவத்துக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கியது. ஒரு நோயாளியின் இரத்தத்தில் நிறப்புரிகளின் சிதைவை எண்ணி அவர் பெற்ற அளவைக் கணிக்கும் ஆய்வகங்கள் எல்லா நாட்டிலும் இல்லை. இரத்த மாதிரியை எங்கே அனுப்புவது, தோல் ஒட்டு அறுவைக்கு எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோயானியாவில் இன்னொன்றும் நடந்தது. இறந்தவர்களை அடக்கம் செய்யப் போன ஊர்வலத்தின்மீது மக்கள் கல்லெறிந்தார்கள். அந்த மாநிலத்து விளைபொருளை வாங்க மறுத்தார்கள். ஊரைவிட்டு வெளியே செல்வோருக்குத் தம்மிடம் கதிரியக்கம் இல்லை என்ற சான்றிதழ் ஆயிரக்கணக்கில் வழங்க வேண்டியதாயிற்று. அச்சத்தைக் கையாள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

கதிர்காப்பாளர் எழுதியது:

மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். மருத்துவர் அம்மா சொன்னது பிரேசிலோடு முடிந்துபோன கதை இல்லை.

2010 ஏப்ரலில் டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை நினைவுகூருங்கள். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1968இல் வாங்கப்பட்டு 1985இலிருந்து பயன்படுத்தப்படாமல் கிடந்த காமா கதிர்க் கருவி, பழைய சாமான் என்று ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60 பென்சில்கள் இருந்தன. உறையை வெட்டிப் பிரித்தார்கள். ஒருவர் ஒரு சிறு துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஏழு பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். இங்கும் நோயாளியைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு மருத்துவமனைதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொன்னது. 2000இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில் கோபால்ட் மூலம் ஒன்று இதேபோலக் காயலான் கடைக்குப் போய் மூவர் உயிரிழந்தார்கள்.

ஜார்ஜியாவின் லியா கிராமத்துக் காட்டில் 2001 டிசம்பரில் விறகு சேகரிக்கப் போன மூவர், சுற்றிலும் பனி உருகிக் கிடந்த இடத்தில் சூடான இரண்டு உலோகப் பொருள்களைக் கண்டு, இரவுக் குளிருக்கு அவற்றை முதுகுக்கு அருகில் வைத்துப் படுத்தார்கள். அவை சோவியத் காலத்து மின்னாக்கிகளிலிருந்து கழன்று கிடந்த ஸ்ட்ரான்சியம்-90 மூலங்கள். ஜார்ஜியா முகமையிடம் உதவி கேட்டது. நோயாளிகளில் இருவர் பாரிசுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். மூலங்களை எடுக்க அமைத்த குழுவில் ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே அருகில் நிற்கலாம் என்று கணக்கிட்டு, ஆள் மாற்றி ஆள் போனார்கள். பன்னாட்டு உதவி சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

சிக்கல் பெரும்பாலும் மூலம் பயனற்றுப் போகும் நாளில்தான் தொடங்குகிறது. வாங்கும்போது அனுமதி, உரிமம், ஆய்வு எல்லாம் உண்டு. பத்திருபது ஆண்டு கழித்து, வாங்கியவர் ஓய்வுபெற்றுவிடுகிறார், பதிவேடு பரணுக்குப் போய்விடுகிறது, திருப்பி அனுப்பப் பணம் ஒதுக்குவோர் இல்லை. ஒரு மருத்துவமனையில் பழைய சிகிச்சை இயந்திரம் பூட்டிய அறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததையும், அறைக்கு வெளியே எச்சரிக்கைப் பலகை வண்ணம் பூசும்போது கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படாமல் இருந்ததையும் நானே பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே, திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறுப்பை விற்பவரிடம் எழுதி வாங்கி, அதற்கான பணத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டும். பொருநைக்கரை ஐயா கேட்கும் கண்காணிப்பு அதிகாரத்தைவிட இது அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கிழக்குவாசி எழுதியது:

நான் ஜப்பானில் பணிபுரிபவன். ஃபுகுஷிமாவைத் தொடாமல் இந்த இழை நிறைவடையாது. அங்கே விபத்து உடனே தெரிந்தது, உடனே அறிவிக்கவும் பட்டது. அதன் பிறகு நடந்தவைதான் பாடம்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். அன்றிரவே முதலில் 2 கிலோமீட்டர், சற்று நேரத்தில் 3 கிலோமீட்டர், மறுநாள் அதிகாலையில் 10, மாலையில் 20 என்று வெளியேற்ற ஆணைகள் அடுத்தடுத்து வந்தன. ஒருமுறை இடம்பெயர்ந்த குடும்பம் மீண்டும் மீண்டும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அவசரநிலையை நடத்துவதற்கென்றே கட்டப்பட்ட மையம் உலையிலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் போய், கதிரியக்கத் துகளை வடிகட்டும் காற்று வடிகட்டியும் இல்லாததால் மார்ச் 15 அன்று அதையே கைவிட்டு ஃபுகுஷிமா நகருக்குப் போனார்கள். கதிரியக்கம் எத்திசையில் பரவும் என்று கணிக்கும் கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் வரைபடம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு வந்து சேரவில்லை. நமியே ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கே மலைப்பக்கம் போய்த் தங்கினார்கள். கதிரியக்க மேகமும் அதே திசையில்தான் போனது.

20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 850 நோயாளிகள் இருந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த முதியோரைச் சாதாரணப் பேருந்தில் உட்கார வைத்து, மருத்துவர் துணையின்றிப் பல மணி நேரம் கொண்டுசென்றார்கள். வழியிலேயே சிலர் இறந்தார்கள். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்களில் குறைந்தது 60 பேர் மார்ச் இறுதிக்குள் இறந்ததாக ஜப்பான் நாடாளுமன்ற விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. இடம்பெயர்வின் அலைச்சலாலும் மனவேதனையாலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் இறந்தோர் பின்னர் 2,300க்கும் மேற்பட்டனர். கதிர்வீச்சால் நேரடியாக விளைந்த உடல்நலக் கேடு என்று பொதுமக்களிடம் ஆவணப்படுத்தக்கூடியது எதுவுமில்லை என்று ஐ.நா. அறிவியல் குழு சொல்கிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வெளியேற்றியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளிகளை எந்த வண்டியில், யார் துணையோடு, எந்த மருத்துவமனைக்கு என்று எழுதிவைக்காமல் வெளியேற்றியதுதான் தவறு.

2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது ஷிகா அணுமின் நிலையத்தைச் சுற்றிய சாலைகள் பிளந்து போயின, வீடுகள் சரிந்தன. உலைகள் நெடுங்காலமாக நிறுத்தப்பட்டிருந்ததால் பெரிய ஆபத்து நேரவில்லை. வீட்டுக்குள் கதவடைத்து இருங்கள் என்ற திட்டம், வீடே இடிந்துவிட்ட ஊரில் என்ன ஆகும் என்ற கேள்வி இப்போதும் இங்கே விடையில்லாமல் நிற்கிறது.

மன்னார்மகள் எழுதியது:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் காற்று அந்தப் பக்கமிருந்தே எங்கள் கரையை நோக்கி வீசுகிறது. புத்தளம், கற்பிட்டி, மன்னார் மீனவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

இலங்கை அணுசக்திச் சபை கரையோரங்களில் காமாக் கதிர்வீச்சை அளக்கும் முன்னெச்சரிக்கை நிலையங்களை நிறுவியிருக்கிறது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையும் கையெழுத்தானது. இரு நாடுகளும் நீங்கள் சொல்லும் ஒப்பந்தங்களில் சேர்ந்தவை. என் கேள்வி எளிமையானது. உண்மையிலேயே ஒன்று நடந்தால் யார் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பார்? கொழும்புக்குத் தெரிந்தபின் அது மன்னார்க் கரையில் வலை இழுப்பவருக்கு எத்தனை மணி நேரத்தில், எந்த மொழியில் போய்ச் சேரும்? போர்க்காலத்திலும் சுனாமியிலும் தகவல் கிடைக்காமல் இருந்த மக்களுக்கு இந்தக் கேள்வி கனமானது.

முன்னாள் வட்டாட்சியர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதற்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இந்தியாவில் அணுசக்தித் துறையின் நெருக்கடி மேலாண்மைக் குழுதான் மையப் புள்ளி. நிலையத்திலிருந்து தகவல் அங்கே போகும். வியன்னாவிலுள்ள முகமையின் நிகழ்வு மற்றும் அவசரநிலை மையத்துக்கும் தகவல் போக வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட அந்த மையம் இரவும் பகலும் இயங்குகிறது. எல்லா நாடுகளின் தொடர்பு அலுவலர்களும் ஒரே பாதுகாக்கப்பட்ட இணையதளத்தில் தகவலைப் பார்க்கிறார்கள். பாதிக்கப்படக்கூடிய நாட்டுக்கு நேரடியாகவும் அறிவிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே கொழும்புக்கு இரண்டு வழிகளில் தகவல் வர முடியும்.

கொழும்பிலிருந்து கரைக்கு வரும் வழிதான் கடினம். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். கூடங்குளத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரநிலைத் திட்டப் பகுதி. அது திசைவாரியாகப் பதினாறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிலையத்தின் வேலிக்கு வெளியே பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. 2012 ஜூன் 9 அன்று நக்கனேரியில் ஒத்திகை நடந்தது. போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. அரசு சொல்வதை மக்கள் நம்பவில்லை, மக்கள் கேட்பதை அரசு காதில் வாங்கவில்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்த தீர்ப்பிலேயே 15 கட்டளைகளையும் பிறப்பித்தது. நம்பிக்கை இல்லாத ஊரில் ஒலிபெருக்கி எவ்வளவு சத்தமாக அலறினாலும் பயனில்லை என்பதைப் புயல் காலத்தில் மக்களை முகாமுக்கு அழைத்துப் பழகிய எவரும் அறிவார். கிராம நிர்வாக அலுவலரும் செவிலியரும் பங்குத் தந்தையும் படகுச் சங்கத் தலைவரும் முன்பே திட்டத்தைப் படித்திருந்தால்தான் மக்கள் நகர்வார்கள்.

பன்னாட்டு ஒத்திகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகமை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகப் பெரிய ஒத்திகை நடத்துகிறது. 2021இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையத்தையும், 2025 ஜூனில் ருமேனியாவின் செர்னவோடா நிலையத்தையும் வைத்து நடந்தது. 2025இல் 36 மணி நேரம், எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள். அதில் அலுவலகங்களுக்கிடையே தகவல் சரியாகப் போகிறது. மன்னாரும் இடிந்தகரையும் சேர்ந்து ஓர் ஒத்திகை செய்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். இரு நாடுகளும் அதைச் செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஈச்சங்காடு எழுதியது:

அயோடின் மாத்திரையை எல்லா வீட்டிலும் முன்கூட்டியே கொடுத்து வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடாதா?

மருதம் எழுதியது:

பாதி தீராது, குழந்தைகளுக்கு ஒரு முக்கியமான பகுதி தீரும். மாத்திரையிலுள்ள கதிரியக்கமற்ற அயோடின் தைராய்டு சுரப்பியை நிரப்பிவிடுவதால், காற்றிலும் பாலிலும் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. சீசியத்துக்கோ வெளியிலிருந்து தாக்கும் கதிர்வீச்சுக்கோ இது எதுவும் செய்யாது. கதிரியக்கம் வந்து சேர்வதற்குச் சற்று முன்போ அடுத்த சில மணி நேரத்துக்குள்ளோ விழுங்க வேண்டும். ஒரு நாள் கடந்தால் பயனில்லை. முகமையின் 2015ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தரப்படி, முதல் ஏழு நாளில் தைராய்டு பெறும் கதிர்வீச்சு அளவு 50 மில்லிசீவர்ட்டை (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) எட்டும் என்று கணித்தால் கொடுக்கலாம்.

செர்னோபில் காலத்துப் போலந்தை இதற்குச் சான்றாகச் சொல்வேன். தங்கள் அளவுமானிகள் காட்டியதை நம்பி, மாஸ்கோவின் விளக்கத்துக்குக் காத்திராமல், 1986 ஏப்ரல் 29 அன்றே அயோடின் கரைசலைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் குழந்தைகள் வரிசையில் நின்று குடித்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து லட்சம் குழந்தைகளுக்குச் சில நாட்களில் கொடுத்து முடித்தார்கள். குழந்தைகளுக்குப் புதுப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடர் கொடுத்தார்கள். மறுபக்கம், உக்ரைனிலும் பெலாரூசிலும் ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் அப்போது சிறுவராக இருந்தோரிடம் 2005 வரையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு கதிரியக்கம் கலந்த பாலைத் தொடர்ந்து குடித்ததால் வந்தது. பாலை நிறுத்தச் சொல்லும் ஓர் அறிவிப்புக்கு எந்த மாத்திரையும் தேவையில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை: மாஸ்கோ சொல்லும்வரை காத்திராத போலந்துக்கு அன்று சொந்த அளவுமானி இருந்தது, அது இல்லாத நாடுகளுக்குத் தன்னிச்சையான கண்காணிப்பு வேண்டும். ஆனால் மருத்துவர் அம்மாவும் கதிர்காப்பாளரும் சொன்ன பதினாறு நாட்கள், எந்த வியன்னா அதிகாரியாலும் குறைக்க முடியாதவை. ஆகவே கதிர்காப்பாளரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் காயலான் கடைகள் நிறைய. கடைக்காரரிடம் என்ன சொல்லி வைப்பது?

கதிர்காப்பாளர் எழுதியது:

மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட சின்னத்தைக் காட்டிக் கேட்டால் பலருக்கு அது மின்விசிறிபோலத் தெரிகிறது. இதனால்தான் 2007 பெப்ரவரியில் சர்வதேசத் தர அமைப்பும் முகமையும் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டன. சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். பதினோரு நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். இந்தச் சின்னம் கருவியின் உட்புறம், மூலத்துக்கு அருகில் இருக்கும். கழற்றுபவர் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம். பழைய கருவிகளில் இது இருக்காது. ஆகவே இரண்டு சின்னங்களையும் அச்சிட்டுக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

அளவுக்கு மீறிய கனமுள்ள சிறு பொருள், ஈயம் உறையிட்ட உருளை, தொட்டால் காரணமின்றிச் சூடாக இருக்கும் உலோகம், மருத்துவமனை அல்லது ஆய்வகத்திலிருந்து வந்த பெட்டி, இவற்றை வெட்டவோ உருக்கவோ கூடாது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போகவும் கூடாது. எல்லோரையும் 30 மீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள். உடைந்து தூள் சிந்தியிருந்தால் 100 மீட்டர். தொட்டவர்கள் ஓரிடத்தில் நின்று, கைகழுவும்வரை எதையும் உண்ணாமல் இருக்கட்டும்; பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 112 அல்லது மாவட்டப் பேரிடர் எண் 1077க்கு அழைத்து, "கதிரியக்கப் பொருளாக இருக்கலாம்" என்ற சொற்களையே சொல்லுங்கள். பொய் எச்சரிக்கையாக முடிந்தாலும் கடைக்காரர்மேல் வழக்கு வராது என்று காவல் நிலையமும் முன்கூட்டியே உறுதி தந்தால் நல்லது. திருட்டுப் பொருளோ என்ற அச்சத்தில் அவர்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் பயிற்சி வகுப்புகளில் நாங்கள் அதிகம் கேள்விப்படும் தடை. நீங்கள் கேட்டால், எங்கள் பயிற்சியில் கொடுக்கும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையை இந்த இழையிலேயே ஏற்றிவிடுகிறேன்.